பஸ்ஸை முந்தப் போன கார்

என் மகன் செந்தில் போன வாரம் சென்னையிலிருந்து போன் செய்தான். கூடுவாஞ்சேரியில் வீடு பார்த்துவிட்டானாம். மூன்று படுக்கையறை, மொட்டைமாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறதாம். இவனுக்கு வேலை வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில். மருமகள் கவிதாவுக்கு ஆபீஸ் கிண்டியில், அங்கிருந்து இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். "அதனால என்னம்மா, அவளுக்கு ஒரு கார் வாங்கிக் கொடுத்துட்டா முடிஞ்சுது. எந்தக் கார் நல்லதுன்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு" என்றான். இவன் அப்பாவிடம் கார் யோசனை கேட்பதா! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இந்த வலைப்பூவில் இதுவரை காசிக்குப் போனது, ஹம்பிக்குப் போனது என்று தூரத்துப் பயணங்களாகத்தான் எழுதியிருக்கிறேன். இது வெறும் ஐம்பத்தாறு கிலோமீட்டர். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு, எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு பழைய அம்பாசடர் காரில். எங்கே வீடு வைப்பது, யார் தினமும் ரோட்டில் போவது, அதற்குக் கார் வேண்டுமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பவர்கள் படிக்கலாம்.

அப்போது நான் சங்கரன்கோவில் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டர். காதில் மாட்டிய கருவியோடு ஊருக்கே இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கல்யாணமாகி இரண்டு வருஷம். செந்தில் பிறக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு எட்டு விசைத்தறி இருந்தது. துண்டு நெய்து விற்கிற தொழில். அந்தச் சமயத்தில் எனக்குப் பதவி உயர்வு வந்தது, திருநெல்வேலியில் சூப்பர்வைசராக. சந்தோஷம் ஒரு ராத்திரிக்கு மேல் நிற்கவில்லை. எப்படிப் போய் வருவது என்ற பேச்சு மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

பஸ்ஸில் போய் வரலாம். ஆனால் எனக்கு ஒரு வாரம் காலை டூட்டி என்றால் மறுவாரம் மத்தியான டூட்டி, அது முடியும்போது இரவு ஒன்பது. அதற்கப்புறம் பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தால் நடுச்சாமம். திருநெல்வேலியில் வீடு எடுக்கலாம் என்றால் தறியை யார் பார்ப்பது? நான் மட்டும் அங்கே தனியாக இருந்தால் ஊர் என்னென்ன பேசும் என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து விவரமாக எடுத்துச் சொன்னார்கள். அந்த உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடு என்றார்கள் பாதிப் பேர். என் வீட்டுக்காரர் மட்டும் அதை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இவர் சொன்னது, "கார் வாங்கிருவோம்."

புதுப் பதவியில் சேரக் கொடுத்த அவகாசம் முழுவதையும் இப்படிப் பேசியே தீர்த்தோம். கடைசி நாள் வந்துவிட்டது. அன்று காலை பத்து மணிக்குள் திருநெல்வேலி ஆபீசில் கையெழுத்துப் போடவில்லை என்றால், அந்த நாற்காலி சீனியாரிட்டியில் எனக்கு அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். பிறகு அது எனக்கு எந்த வருஷம் திரும்பி வரும், வருமா என்பதே தெரியாது.

அன்றைக்குப் பார்த்துத்தான் இவருக்கு அந்த யோசனை வந்தது. கார் புரோக்கர் ஒருவர், "ஒரு நாள் ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி, பிடிச்சா வாங்கிக்கிடுங்க" என்று ஒரு பழைய அம்பாசடரையும் சுடலை என்ற டிரைவரையும் அனுப்பி வைத்தார். எங்கள் பக்கத்தில் சொந்தக் காருக்கு அப்போது பிளஷர் என்று பெயர். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல் ஆகும், பிளஷர் ஒன்றேகால் மணியில் கொண்டுபோய்விடும் என்பது இவர் கணக்கு. கையெழுத்துப் போட்ட மாதிரியும் ஆச்சு, தினமும் போய்வரத் தோதுப்படுமா என்று பார்த்த மாதிரியும் ஆச்சு.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பஸ்ஸில் போகும்போது முன்னால் நிற்பவர் முதுகைத் தவிர நான் அந்த ரோட்டில் எதையும் பார்த்ததில்லை. காலை ஏழேகாலுக்குக் காரின் பின்சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். ஏழேகாலுக்குக் கிளம்பினால் எட்டரைக்குப் போய்விடலாம், ஆபீஸ் திறக்கும்வரை என்ன செய்வது என்றுகூடக் கவலைப்பட்டேன், பாருங்கள்.

தெரு முனை தாண்டவில்லை. பூக்கடைக்காரர் கை காட்டினார். திருநெல்வேலிக்கு அனுப்ப வேண்டிய பிச்சிப்பூ மூட்டை பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டதாம். "அண்ணாச்சி, ஜங்ஷன் கடையில இறக்கிவிட்டா போதும். வாடிப் போயிரும்." மூட்டை டிக்கியில் ஏறியது. டிக்கி சரியாக மூடவில்லை. சணல் கயிறு தேடிக் கட்டினார்கள்.

அடுத்து பஸ் ஸ்டாண்ட். எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பஸ் வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டுகள் உள்ளே பறக்கும். துண்டு விழுந்த சீட் துண்டுக்காரருக்கு. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் மீறியவரை நான் பார்த்ததில்லை. அப்படிச் சீட் கிடைக்காமல், ஏழரை பஸ்ஸை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார் காதர் பாய். கடையநல்லூர்க்காரர். எங்கள் தறித் துண்டுகளை வாங்கித் திருநெல்வேலிக் கடைகளுக்குப் போடுபவர்.

"என்ன பாய், துண்டு யாவாரிக்குச் சீட்டுப் போட ஒரு துண்டு இல்லையா?" என்று கேட்டார் இவர்.

"மூட்டை பூராத் துண்டுதான் அண்ணாச்சி. கட்டுன மூட்டையப் பிரிக்க முடியுமா?" என்றார் பாய். அவரும் ஏறினார், மூட்டையும் ஏறியது. மூட்டை என் மடியில் முக்கால்வாசி. நான் ஆசையாகப் பிடித்த ஜன்னல் மறைந்துபோனது.

ஊரைத் தாண்டும்போது மணி ஏழே முக்கால். ஆனாலும் சுடலை விரட்டினான். பனவடலிசத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அந்த ஏழரை பஸ்ஸைப் பிடித்து முந்தினோம் பாருங்கள், நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மூட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். கரிசல் காட்டில் பருத்தி, அதற்குப் பின்னால் வரிசையாகப் பனைமரங்கள், ரோட்டோரம் ஆட்டுக் கிடை. பாய் ஒவ்வொரு ஊரிலும் யார் கடை, யாருக்கு என்ன வியாபாரம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அந்தக் கால் மணி நேரம் பிளஷர் என்ற பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது.

வன்னிக்கோனேந்தலில் கெட்டது காரியம். பஸ் நிறுத்தத்தில் ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். எங்கள் தறிக்கு நூல் கொடுக்கும் நூல் கடைக்காரரும் அவர் மனைவியும். கையில் மஞ்சள் பை. இவரைப் பார்த்ததும் நூல் கடைக்காரர் ரோட்டுக்கு நடுவிலேயே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி! உங்க வீட்டுக்குத்தான் கிளம்பி நிக்கோம். மகளுக்குக் கல்யாணம். எதிர்ல வந்துட்டீகளே!"

கல்யாணப் பத்திரிகையை எங்கள் பக்கத்தில் தபாலை வாங்குவதுபோலக் கையை நீட்டி வாங்கிக்கொள்ள முடியாது. வைக்கிறவர்களும் ஜோடியாக நிற்க வேண்டும், வாங்குகிறவர்களும் ஜோடியாக நிற்க வேண்டும், கிழக்கே பார்த்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு குங்குமத்தோடு. நான் காருக்குள்ளிருந்தே கையை நீட்டினேன். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது.

"உக்காந்தமேனிக்கு வாங்கப்படாது மதினி. இறங்கி வாங்க. ஒரு நிமிசம்."

இறங்கினேன். தாம்பாளம் இருந்த பையை அவர்கள் தம்பி எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருந்தான். டீக்கடையில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கேட்டு வாங்கினார்கள். தட்டு எண்ணெயாக இருந்தது, கழுவினார்கள். கிழக்கு எது என்பதில் டீக்கடைக்காரருக்கும் சுடலைக்கும் கொஞ்சம் அபிப்பிராய பேதம். சூரியன் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது, இவர்கள் கிழக்கைத் தேடுகிறார்கள்! பத்திரிகையை வாங்கினோம். இவர் மாப்பிள்ளை எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்தார். டீ குடிக்காமல் போகக்கூடாது என்று சூடாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் நாக்கைச் சுட்டுக்கொண்டு குடித்துக்கொண்டிருக்கும்போது, நாங்கள் முந்திவந்த ஏழரை பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலில் இருந்த ஒருவர் இவருக்குக் கை காட்டிவிட்டுப் போனார்.

காரில் ஏறியதும் வெடித்துவிட்டேன். "பத்து மணிக்குள்ள நான் போகணும். போகலைன்னா போச்சு. உங்களுக்கு அது ஞாபகம் இருக்கா இல்லையா?"

"ஞாபகம் இல்லாமலா? அதுக்காவ மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போக முடியுமா? சொல்லு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பாய் முன் சீட்டில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, காது கேளாதவர்போல உட்கார்ந்திருந்தார். மனுஷருக்கு நாகரிகம் உண்டு.

தேவர்குளத்தை நெருங்கும்போது காரின் முன்பக்கம் புகை கிளம்பியது. இரண்டு மூட்டை, நான்கு ஆள், பழைய ரேடியேட்டர். கொதித்துவிட்டது. சுடலை பானெட்டைத் திறந்து தலையைச் சொறிந்தான். "ஆறணும் மதினி. சூட்டோட தண்ணி ஊத்துனா வெடிச்சிரும். அரை மணி ஆவும்." மணி ஒன்பது ஆகப்போகிறது. ரோட்டோரம் ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். கார் முழுக்கப் பிச்சிப்பூ வாசம். இத்தனை வருஷம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு முன்னேறி வந்ததெல்லாம் இந்த ரோட்டிலேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன். இவர் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை.

அப்போது எட்டு மணி பஸ் வந்தது.

நிறுத்தம் இல்லாத இடம். நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றுவிட்டேன். பஸ் கிரீச்சிட்டு நின்றது. இவர் பின்னாலிருந்து கத்தினார்: "நீ போ! போய்க் கையெழுத்தப் போடு! பூவ நான் பார்த்துக்கிடுதேன்!"

படியில் நின்ற கண்டக்டருக்குச் சிரிப்பு தாளவில்லை. "கார்ல வந்தவுக பஸ்ல ஏறுதீகளே மதினி! நம்ம வண்டிக்கு இம்புட்டு மவுசா?" உள்ளே நிற்க இடமில்லை. தேவர்குளத்தில் ஏறப்போகும் யாருக்கோ முன்கூட்டியே போட்டு வைத்த துண்டு ஒரு சீட்டில் கிடந்தது. கண்டக்டர் அதை எடுத்துப் பார்த்தார். "இது அண்ணாச்சி தறித் துண்டுதான். உக்காருங்க, கேக்கவனுக்கு நான் பதில் சொல்லுதேன்" என்றார். எழுதாத சட்டத்தை மீறி நான் உட்கார்ந்த ஒரே சீட் அதுதான். டிக்கெட் ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை.

மானூர், ராமையன்பட்டி என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நின்றது. ஆனால் நின்ற உடனே கிளம்பியது. யாரிடமும் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரிக்கவில்லை. ஜங்ஷனில் இறங்கும்போது பத்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கையெழுத்துப் போட்டேன். ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்காரச் சொன்னார்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு இவர் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. கோபம் போய்ப் பயம் வந்தது. மாலை ஐந்து மணிக்கு வெளியே வந்தால், கேட்டுக்கு எதிரே நிற்கிறார். ஒரு கையில் ஜங்ஷன் பூக்கடைக்காரர் கொடுத்த பிச்சிச் சரம், இன்னொரு கையில் ஒரு சாவி.

"வா, ஒண்ணு காட்டுதேன்" என்று நடந்தார். ஆபீசிலிருந்து மீனாட்சிபுரத்துக்குப் பத்து நிமிஷ நடை. ஒரு சந்தில் சின்ன வீடு. காதர் பாயின் தம்பி துபாயில் சம்பாதித்துக் கட்டியது. பூட்டிக் கிடந்தது. வாடகைக்கு நல்ல ஆள் கிடைத்தால் கொடுக்கலாம் என்று பாய் நினைத்துக்கொண்டிருந்தாராம். கார் ஆறிக்கொண்டிருந்த அந்த அரை மணியில் பேச்சு அங்கே போயிருக்கிறது.

"வீடு எதுக்கு? தறியப் போட்டுட்டு வருவீகளா?" என்று கேட்டேன்.

"தறி அங்கனயே ஓடட்டும். நான் தினமும் போயிட்டு வாரேன்."

"நீங்களா?"

"நான்தான். காலைல மேஸ்திரி தறிய ஓட விட்டுருவான். நான் ஒம்பதுக்குப் போனா என்ன, பத்துக்குப் போனா என்ன? என் கையெழுத்துக்கு எவன் காத்துக் கெடக்கான்?"

"ஊர் சிரிக்கும். பொண்டாட்டி உத்தியோகத்துக்காவ ஊரை விட்டுப் போயிட்டாருன்னு சொல்லுவாக."

"சிரிக்கட்டும். ஏட்டி, இன்னைக்கு வழி பூரா உன்னப் பார்த்துக்கிட்டே வந்தேன். நீ கடியாரத்தப் பார்க்குத. நான் ஆளப் பார்க்குதேன். தினமும் ரோட்டுல யாரு போகணும்னு நீயே சொல்லு."

அத்தனை நாள் அத்தனை பேர் கூடிக்கூடிப் பேசினோமே, வேலை எனக்கு என்பதால் அலைச்சலும் எனக்கு என்றுதான் எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். இவர் போய் வரலாம் என்பது ஒருவர் வாயிலும் வரவில்லை. அந்தச் சந்தில் நின்று அழுதேன். வாசலில் காத்திருந்த பாய் சாவியை வாங்கி வீட்டைத் திறந்து, ஜன்னல்களைத் தள்ளிவிட்டு, "தங்கச்சி, காத்து நல்லா வரும், இன்ஷா அல்லா நல்லபடியா இருங்க" என்றார்.

காரைத் திருப்பிக் கொடுத்தபோது புரோக்கர் கேட்டாராம், கார்ல என்ன குறை அண்ணாச்சி என்று. "கார்ல ஒரு குறையும் இல்ல வே. எனக்குத்தான் அதுல போகத் தெரியல" என்று சொல்லிவிட்டு வந்தார் இவர்.

ஊர் சிரிக்கத்தான் செய்தது. கொஞ்ச நாள். அதற்குள் காலை பஸ்ஸில் இவருக்கு யாராவது ஒருவர் துண்டு போட்டு வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. பூ மூட்டை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் இவர் மடியில் பயணம் செய்தன. பஸ் இவருக்காக ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை. சாயங்காலம் வரும்போது ஒரு ஊர்க் கதையோடு வருவார். மத்தியான டூட்டி வாரத்தில் நான் ஒன்பது மணிக்கு வெளியே வந்தால் கேட்டுக்கு எதிரே நிற்பார். கதை கேட்டுக்கொண்டே பத்து நிமிஷத்தில் வீடு வந்துவிடும். நான் ஓய்வு பெறும்வரை அந்த ஆபீசுக்கு நடந்தே போனேன்.

இனி, இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு இப்போது அடிக்கடி பஸ் இருக்கிறது, ரோடும் நன்றாக இருக்கிறது. ரயிலில் போகலாமே என்று கிளம்பாதீர்கள், தென்காசியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சங்கரன்கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா நடக்கும் சமயத்தில் ஊருக்குள் வண்டியைக் கொண்டுபோவதை மறந்துவிடுங்கள். மத்தியானம் போனால் பிரியாணி சாப்பிடாமல் வராதீர்கள். நல்ல துண்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், சீட் போட உதவும்.

தினமும் போய் வருகிற பயணத்துக்கு எனக்குத் தெரிந்த யோசனை ஒன்றுதான். தூரத்தையும் பெட்ரோலையும் கணக்குப் போடுவதற்கு முன்னால், வீட்டில் யாருடைய நேரம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். மணி அடித்தால் நிற்க வேண்டியவர் பக்கத்தில் இருக்கட்டும். எப்போது போனாலும் நடக்கும் என்பவர் தூரம் போகட்டும். அப்புறமும் கார் வேண்டியிருந்தால் வாங்குங்கள், நான் ஒன்றும் காருக்கு எதிரி இல்லை. அன்று முந்தினோமே, அந்தச் சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

இதை எழுதி முடித்துவிட்டு இப்போதுதான் செந்திலுக்குப் போன் செய்தேன்.

"அப்பா என்னம்மா சொன்னாரு? எந்தக் கார்?"

"அது இருக்கட்டும். கூடுவாஞ்சேரி வீடு யாருக்குப் பிடிச்சிருக்கு?"

"எனக்குத்தான். அவளுக்கும் பிடிக்கும்மா. அதான் கார் வாங்கித் தரேன்னு சொல்லிட்டேனே."

"கார் அவ கேட்டாளா?"

"அது வந்தும்மா..." என்று இழுத்தான். போனைக் கவிதாவிடம் கொடு என்றேன்.